பெத்தவளைப் பிள்ளைக்குத் தெரியாதா

யுகேந்திரனின் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு ராத்திரி இவனுக்குக் காய்ச்சல் வரும்" என்றாள் பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்ளும் நளினி. திலகவதி அப்போதுதான் ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி, நீலச் சீருடையோடு பக்கத்து வீடான நளினியின் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மகனை வாங்கி நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. பத்து மாதப் பிள்ளை கன்னம் மினுமினுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அதுவும் பெற்றவளைப் பார்த்தல்ல, அவள் தோளுக்கு மேலே எட்டி நளினியைப் பார்த்து. "நல்லாத்தானே இருக்கான் லா. சும்மா வாய வச்சி வரவழைக்காத" என்று சொல்லிவிட்டுத் திலகவதி தன் வீட்டுக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் நேரத்துக்கெல்லாம் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

காய்ச்சல் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். அந்த வருடம் காடு எரிந்து வந்த புகைமூட்டம் வேறு. சூரியனே பழைய பத்து காசு மாதிரி மங்கித் தெரிந்தது, அவர்கள் குடியிருந்த புக்கிட் ரம்பாய் முழுக்க இருமல் இல்லாத பிள்ளை கிடையாது. ஆக, காய்ச்சல் திலகவதியைச் சுடவில்லை. நளினி சொன்னபடி வந்ததே, அதுதான் சுட்டது. ஒரு தாய் இப்படி நினைப்பாளா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவள் அப்படித்தான் நினைத்தாள். ஈரத்துணியை மகனின் நெற்றியில் போட்டுவிட்டு, அந்தக் காது மடலைத் தானும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். காது மாதிரித்தான் இருந்தது.

இத்தனைக்கும் உள்ளுக்குள் தெரிகிற ஆள் என்று ஃபேக்டரியில் பேர் வாங்கியவள் அவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசிமணியிலும் சின்னதான சிப்புகளில் நல்லது எது கெட்டது எது என்று பிரிக்கிற வேலை. மற்ற பெண்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திலகவதிக்குத் தட்டு கைக்கு வந்ததுமே மனசுக்குப் பட்டுவிடும், இதில் கோளாறு இருக்கிறதென்று. இருக்கவும் இருக்கும். "திலா காட் இன்ஸ்டிங்க்ட் லா" என்று சூப்பர்வைசர் மிஸ் லிம் எல்லாருக்கும் முன்னால் சொன்னபோது அர்த்தம் முழுசாகப் புரியாமலே அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து கணவன் திருச்செல்வத்திடம் கேட்டாள். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஆனால் ஆங்கிலப் பேப்பரில் பந்து விளையாட்டுப் பக்கத்தை எழுத்துக்கூட்டாமல் படிப்பான்.

"யாரும் சொல்லிக் குடுக்காமலே தெரியறது. இப்ப நாய்க்கு மழ வர்றது தெரியுதில்ல, அந்த மாதிரி."

"என்னைய நாய்ங்கிறீங்களா?"

"அந்த சீனத்தி சொன்னா பெருமை, நான் சொன்னா நாய்" என்று அவன் சிரித்தான். ரேடியோவில் உள்ளுணர்வு என்பார்கள் என்று பிறகு சொன்னான். அடுப்பங்கரையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஆனாலும் அந்த ஆங்கில வார்த்தையை அவள் கொஞ்ச நாள் தலையில் பூ வைத்த மாதிரி சுமந்து திரிந்தாள். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய கதை அது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு க்ளினிக்குப் புறப்பட்டார்கள். காருக்குள் ஏறியதும் பிள்ளை உடம்பை வில்லாய் வளைத்து, மூச்சு முட்ட அலறினான். திருச்செல்வம் பின்னால் திரும்பிப் பார்த்தான், பிறகு இறங்கிப்போய் நளினியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வாங்கினாள், அழுகை நின்றது. அவ்வளவுதான். கார் போய்ச் சேரும் வரை திலகவதி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். புகையில் பார்க்க ஒன்றும் இல்லை.

க்ளினிக்கில் நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸ்ஸி பிள்ளையை வைத்திருந்த நளினியிடம்தான் எல்லாம் கேட்டாள். எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டான், தூங்கினானா. நளினியும் மளமளவென்று சொன்னாள். நேற்று மத்தியானமே பாலை இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினான், காதைத் தோளில் தேய்த்தான், எனக்கு அப்போதே பட்டது என்றாள். மிஸ்ஸி அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நாலுரி இபு, மானா போலே சாலா" என்றாள். தாயின் மனசுக்குப் பட்டால் அது எப்படித் தப்பாகும் என்று. மிஸ் லிம் திலகவதிக்குக் கொடுத்த அதே இன்ஸ்டிங்க்ட், மலாயில் நாலுரி என்று பேர் மாறி, தாயையும் சேர்த்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதான, கல்யாணமாகாத பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. பால் புட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்காரி மாதிரிப் பக்கத்தில் நின்ற திலகவதி, "சாயா மாக் டியா" என்றாள். நான்தான் இவன் அம்மா. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி, "மாஃப், காக்" என்று மன்னிப்புக் கேட்டுச் சிரித்தாள். நளினி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அதிலிருந்து திலகவதிக்கு நளினி நின்றாலும் குற்றம், நடந்தாலும் குற்றம். பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பவுடர் என்பாள். பவுடர் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்பாள். ஒருநாள் ஸ்பிரிங் தொட்டிலில் நளினியின் பாத்திக் சாரோங் கட்டியிருப்பதைப் பார்த்தாள். பிள்ளை தாயின் பழைய சேலையில்தான் தூங்க வேண்டும், அதுதானே வழக்கம்? மறுநாளே தன் பருத்திச் சேலை ஒன்றை நன்றாகத் துவைத்து, இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்து கட்டச் சொன்னாள். பிள்ளை அதில் கண்ணையே மூடவில்லை. இரண்டொரு நாளில் மறுபடி சாரோங் ஏறியிருந்தது. சேலை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. "தூங்கவே மாட்டேங்குறான்க்கா. பாவமா இருந்திச்சி" என்றாள் நளினி. பாவம் பார்க்க நீ யார் என்று நாக்கு நுனிவரை வந்ததைத் திலகவதி பல்லைக் கடித்து விழுங்கினாள். ஏனென்றால் மறுநாள் காலை ஐந்தரைக்குப் பஸ் வரும். பிள்ளையை எங்கே விடுவது?

இரண்டு மாதப் பிரசவ லீவு முடிந்ததும் கட்டிக்கொண்ட பாலைத் துணியில் பிழிந்துவிட்டு வேலைக்குப் போனவள் அவள். வீட்டுக் கடன் இருக்கிறது, மாமியார் இல்லை, அவள் அம்மா ஜாசினில் தம்பி வீட்டோடு. நளினிக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்து வேலை சரியாக அமையவில்லை. எல்லாருக்கும் தோதாகத்தான் அமைந்தது. பிள்ளை யாரை அம்மா என்று நினைப்பான் என்பதை மட்டும் அப்போது யாரும் யோசிக்கவில்லை. பிள்ளை நினைக்கவே தேவையில்லை, தானாய்த் தெரியும் என்றுதான் எல்லாரும், திலகவதியும் சேர்த்து, நம்பிக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் பத்து மாதம் கேட்ட இதயத் துடிப்பை மறந்துவிடுமா என்ன? மறந்துவிட்டது. நளினியைப் பார்த்தால் "ம்மா" என்று தாவுகிறது.

"அதுக்கு எல்லாமே ம்மாதான். லைட்டும் ம்மா, பூனையும் ம்மா" என்று திருச்செல்வம் சமாதானம் சொன்னான்.

"பூனைய பாத்துக் கைய நீட்டி அழுவுதா? வேற ஆளப் பாக்கலாம். மூணாவது லைன்ல மோகனா ஆன்ட்டி புள்ள பாக்குறாங்களாம்."

"அங்க ஏற்கனவே ஆறு புள்ளைங்க. நளினி என்னா தப்பு பண்ணா?"

"ஒரு தப்பும் பண்ணல" என்றாள் திலகவதி. அதுதான் அவளுக்கு ஆத்திரமே. ஒரு தடவை பாலைச் சூடாகக் கொடுத்திருக்கலாம். ஒரு தடவை தொட்டிலிலிருந்து விழவிட்டிருக்கலாம், பலமாக இல்லை, சும்மா ஒரு சிராய்ப்பு. இப்படியெல்லாம் நினைத்துவிட்டு, பிறகு ஓடிப்போய்த் தூங்குகிற மகனின் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. துணி காயப்போடுகிற இடத்தில் நளினியின் அம்மா முத்தாயி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். டுரியான் துங்காலில் இருந்து ஒரு இடம். மாப்பிள்ளை தண்ணீர் இலாகாவில் வேலை, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம், போட்டோவைப் பார்த்துப் பிடித்துவிட்டதாம். திலகவதிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கல்யாணமானால் நளினி டுரியான் துங்காலுக்குப் போய்விடுவாள். யாரும் யாரையும் நிறுத்தினார்கள் என்று ஆகாது, தன் மேலும் பழி வராது. "தள்ளிப் போடாதீங்க அத்தை. தையிலயே முடிச்சிருங்க. பொண்ணு பாக்க வர்றப்ப என் பட்டுச் சேலய கட்டிக்கட்டும்" என்றாள். முத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன் மனசு யாருக்கும் வராது திலகா" என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். திலகவதிக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு சாயங்காலம் நளினியிடம் முகம் கொடுத்துப் பேசினாள், பவுடரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பெண் பார்க்க நாள் குறித்துச் சொல்லி அனுப்புவார்கள் என்று இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டுக் கட்டிப் பூ வைத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்ப்பது இரண்டாவது. அதற்கு முன்னால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, பெண் வீட்டில் எப்படி இருக்கிறாள், குசினி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தார்கள்.

திலகவதி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது நளினி வீட்டு கேட்டில் ஒரு வெள்ளைக் காஞ்சில் கார் நின்றது. வாசலில் புதுச் செருப்புகள். உள்ளே மாப்பிள்ளையின் பெரியம்மா ராமாத்தாளும், கூட வந்த ஒரு மருமகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வைத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை, ஆடை படிந்திருந்தது. முத்தாயி முகத்தில் ஈயாடவில்லை. எண்ணெய் வழிந்த தலையும் வீட்டுக் கைலியுமாகச் சுவரோரம் நின்ற நளினியின் இடுப்பில் யுகேந்திரன் உட்கார்ந்து, அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, "ம்மா, ம்மா" என்று பாட்டாய்ப் பாடிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பாடுகிறானோ!

"தோ, வந்துருச்சி" என்று முத்தாயி பாய்ந்து வந்து திலகவதியின் தோளைப் பிடித்தாள். "நீயே சொல்லு திலகா. எவ்வளவு சொல்லியும் அவுங்களுக்கு..."

"நீதான் பக்கத்து வீடா?" என்றாள் ராமாத்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "இது ஒன் புள்ளைன்னு சொல்றாங்க."

"ஆமாங்க. என் மகன்தான்."

"அப்பிடியா. புள்ளைய வாங்கேன், பாப்போம்."

திலகவதி கையை நீட்டினாள். நளினி கொடுத்தாள். பிள்ளை ஒரு வினாடி திகைத்துப் பார்த்தான், அப்புறம் உடம்பை வில்லாக்கினான். முகம் சிவந்து, வாய் கோணி, இரண்டு கையையும் நளினியை நோக்கி நீட்டி, "ம்மா" என்று அவன் வைத்த அலறலில் கூடத்துச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திலகவதி இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்க அவன் திமிறினான். நளினி தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்து, முத்தாயி பார்த்த பார்வையில் பின்னால் போனாள்.

ராமாத்தாள் தலையை ஆட்டினாள். "நாங்களும் புள்ள பெத்தவங்கதாம்மா. பெத்தவளப் புள்ளைக்குத் தெரியாதா? அத யாரு வந்து சொல்லிக் குடுக்கணும்? பழகுன பழக்கத்துக்கு நீ ஒதவிக்கு வந்து நிக்கிற, எனக்குப் புரியிது. ஆனா எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு பாரு."

"ஐயோ, சூரா பெரானாக் கூட இருக்குங்க, எடுத்தாரச் சொல்றேன்" என்று பிறப்புப் பத்திரத்துக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள் முத்தாயி.

"சூரா பெரானாக்குல யாரு பேர வேணுமின்னாலும் போடலாம். எஸ்டேட்டுல எத்தன பாத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

எழுந்து போனால் என்ன ஆகும் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். பேச்சு டுரியான் துங்காலோடு நிற்காது. ஆயர் குரோ, புக்கிட் பெருவாங் என்று எங்கெங்கே சொந்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகும். நளினிக்கு இனி ஒரு இடம் அமையாது. ஆனால் திலகவதிக்கு அந்த நேரத்தில் முதலில் வலித்தது அது இல்லை. மாதக்கணக்காகத் தலையணைக்கு மட்டும் சொல்லி அழுததை, முன்பின் தெரியாத ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து சாட்சியோடு சொல்லிவிட்டாள். பெற்றவளைப் பிள்ளைக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு நீ யார் என்று தெரியவில்லை. அப்படியானால் நீ யார்?

"நான்தாங்க பெத்தேன்" என்றாள். அழுகைச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி கத்திச் சொன்னாள். "நான்தாங்க பெத்தேன்! ரெண்டு மாசம்தான் என் கையில இருந்தான், அப்பறம் இவ கையிலதான். நான் தூக்குனா அழுவறான், இவ தூக்குனா சிரிக்கிறான். காய்ச்சல் வரப்போவுதுன்னு இவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. இவளக் கண்டாலே எனக்கு ஆவாதுங்க. என்னா தப்பு பண்ணுவான்னு தெனம் பாத்துக்கிட்டிருந்தேன். இவ கல்யாணமாயி இந்தத் தாமான, இந்தத் தெருவவிட்டுப் போயிட்டா போதும், என் புள்ள எனக்குக் கெடச்சிருவான்னு கோயில்ல போயி வேண்டிக்கிட்டேன். பெத்தவளா இல்லாட்டி எனக்கு ஏங்க இப்பிடி எரியணும்? யாரு புள்ளைக்கோ யாருக்காவது இப்பிடி எரியுமா?"

முத்தாயி அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திருஷ்டி கழித்த கை அது. நளினி நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். திலகவதிக்கு மூச்சு வாங்கியது. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லியாயிற்று. இனி நாளைக் காலை எந்த முகத்தோடு இந்த வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது?

ராமாத்தாள் எழுந்திருக்கவில்லை. கைப்பையின் மேல் கையை வைத்தபடி, ஒரு சந்தை ஆட்டைப் பார்ப்பது போலத் திலகவதியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். நம்பினாளா நம்பவில்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த மருமகள் அவள் காதில் ஏதோ சொன்னாள். ராமாத்தாள் அவளைக் கையமர்த்தினாள்.

பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. திலகவதி முதுகைத் தட்டினாள், ச்சு ச்சு என்றாள், ஒன்றும் பலிக்கவில்லை. உதவிக்கு யாராவது இருக்கிறார்களா என்பது போலத் திரும்பினாள். அப்போதுதான் நளினியைப் பார்த்தாள்.

நளினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு கை இன்னொரு கையை விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது தோள்பட்டையிலேயே தெரிந்தது. கண்ணீர் முகவாய் வரை வந்திருந்தது. அவளுக்குத் தெரியாமலே அவள் உடம்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வலது காலில் ஒரு சாய்வு, இடது காலில் ஒரு சாய்வு, நடுவில் முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. இடுப்பில் பிள்ளை இல்லை. பிள்ளை அழுவது கேட்கிறது, உடம்பு ஆடுகிறது.

சோபா கிரீச்சிட்டது. ராமாத்தாள் இந்தப் பக்கம் திரும்பப் போகிறாள். இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் அவளுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

திலகவதி இரண்டே எட்டில் நடுக்கூடத்தைத் தாண்டிப் போய், சோபாவுக்கு முதுகைக் காட்டி, நளினியை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நளினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகையே பார்த்தாள், ஆடினாள். திலகவதி குனிந்து அவள் கால்களைக் கவனித்தாள். ஃபேக்டரி ஸ்டாக்கிங்ஸ் போட்ட தன் வலது காலில் பாரத்தைப் போட்டாள். பிறகு இடது காலில். முழங்கால் மடக்குவது பிந்திப்போயிற்று. மறுபடி நளினியைப் பார்த்து, மறுபடி வலதில் தொடங்கினாள். தோளில் பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தான்.